சோதனையா, சடங்கா?

இறந்தவருடைய சிறுநீரகமும் கல்லீரலும் சாகக் கிடப்பவனைப் பிழைக்க வைக்கின்றன. இது மனிதன் அறிவினால் ஆன காரியமாகும். ஆனால் உறுப்போடு நோயும் கூடவே போகும். ஆதலால் கொடுப்பவரின் இரத்தத்தை முதலில் சோதித்தாக வேண்டும். "புண்ணியவான் கொடுத்தது" என்பதற்காகக் கிருமி விலகி நின்றுவிடுமா?

அமெரிக்காவிலுள்ள சிக்காகோவில் 2007-ல் ஒரே ஒருவரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கு எச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் சி-யும் சேர்ந்தே தொற்றின. சோதனை செய்யாமலில்லை. ஆனால் அச்சோதனை தேடியது கிருமியை அல்ல. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளை. தொற்றிய புதிதில் அப்பொருள் உண்டாகியிராது. அதற்காக "தலைவிதி" என்று யாரும் உட்கார்ந்துவிடவில்லை. கிருமியையே நேரில் தேடும் சோதனையைக் கொடுப்போர் எல்லோருக்கும் செய்யவேண்டுமென்று அமெரிக்கச் சுகாதார இலாகா 2020-ல் வகுத்தது.

நிற்க, பிரேசிலிலுள்ள ரியோ டி ஜெனிரோவின் கதையோ வேறு. அங்கு குறைந்தது அறிவல்ல, நாணயமேயாகும். சர்க்கார் ஒப்பந்தம் பெற்ற ஒரு தனியார் சோதனைச்சாலை "கிருமி இல்லை" என்று எழுதிக் கொடுத்தது. ஆறு பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2024-ல் வெளியாயிற்று. தினமும் சரிபார்க்க வேண்டிய சோதனை மருந்துகளை, லாபத்திற்காக வாரம் ஒருமுறையே பார்த்தார்கள் என்று போலீசார் குற்றஞ்சாட்டினார்கள்.

இதைக் காட்டி உறுப்பு மாற்றமே வேண்டாமென்பது மடமை. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் மடமையே. எந்தச் சோதனை, யார் செய்தது, அவரைச் சரிபார்த்தது யார் என்று கேளுங்கள். கேட்பது கொடுத்தவரை அவமதிப்பதாகாது. கேளாத இடத்தில் சோதனையும் சடங்காகிவிடும்.