இறங்கித் தள்ளும் தெரு

போன ஞாயிறு என் சைக்கிள் ஆப் பாராட்டியது: 'இதுவரை உங்கள் மிக வேகமான பயணம்!' எனக்குத்தான் சந்தோஷமே இல்லை.

காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளையார்பாளையம் வழியாகத் திருப்பருத்திக்குன்றம். ஞாயிறு தவறாமல் நான் போகும் பாதை. மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால், விடிகாலையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பட்டுப் பாவு நீட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. முதல் தடவை தெரியாமல் பெல் அடித்துவிட்டேன். "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ தம்பி, ஹேண்டில் பட்டா இழை அறுந்துடும்" என்றார் ஒரு பெரியவர். அறுந்தால் ஒவ்வொரு இழையாகத் தேடிப் பிணைக்க வேண்டுமாம். அன்றிலிருந்து அந்தத் தெருவில் பாவு கண்ணில் பட்டாலே இறங்கிவிடுவேன்.

அந்த நிதானம் திரைலோக்கியநாதர் கோயில் வரை கூடவே வரும். அங்குள்ள சங்கீத மண்டபம் 1387-88ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. கூரையெங்கும் பழைய ஓவியங்கள். சமணக் கோயிலில் கண்ணனுக்கு என்ன வேலை என்று தோன்றும். சமண மரபில் தீர்த்தங்கரர் நேமிநாதருக்குக் கண்ணன் நெருங்கிய உறவு! கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

போன வாரம் தெரு முழுக்கக் காலி. திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே பெரியவரிடம் கேட்டேன். "தறி குறைஞ்சுபோச்சு தம்பி. இந்த வாரம் பாவு இல்ல" என்றார்.

என் சாதனைக்குக் காரணம் அதுதான். வர்ற ஞாயிறாவது எனக்கு லேட்டாகணும்!