கேட்பவர்க்கும் கடமை உண்டு

மதுரை மாவட்டம் நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மூட்டுவலி என்றோ காய்ச்சல் என்றோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருகிற ஒருவர், வரிசையில் நின்று, ஓ.பி. சீட்டைக் காட்டி, வந்த உபாதைக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு, தம்மை நெருங்கிக்கொண்டிருக்கும் வேறு அபாயங்களைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேளாமலே வீடு திரும்பிவிடுவது இன்றும் நிகழக்கூடிய காரியமே. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரிடமும், எந்தக் காரணத்திற்காக வந்திருப்பினும், ஆண்டுக்கொரு முறை உடல்நல அபாயங்களைக் கேட்டறிந்து ஒரு வினாப் படிவத்தில் குறித்துக்கொள்ளும் வழக்கம் இந்நிலையங்களில் நிலைபெற வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். ஆயினும், கேட்டதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணும் நிர்வாகத்தின் கையில் அப்படிவத்தை ஒப்படைப்பதைவிட, கேளாதிருப்பதே மேல் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

இம்முயற்சி நமக்குப் புதியதன்று. சென்னையில் டாக்டர் வி. மோகன் அவர்களும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறை, வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் வரலாறு என்னும் நான்கை மட்டும் கொண்டு, நூற்றுக்கு அறுபதும் அதற்கு மேலும் பெறுவோரை அபாயத்தில் இருப்பவர் என்று இனங்காட்டியது. நம் அண்டை மாவட்டங்களான விருதுநகரிலும் சிவகங்கையிலும் 2007-இல் உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறியும் முன்னோட்டத் திட்டம் தொடங்கிற்று. தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தின் கீழ் ‘ஆஷா’ என்னும் கிராம சுகாதார ஊழியர் வீடு வீடாகச் சென்று நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்திலோ, நான்கு மதிப்பெண்ணைத் தாண்டியவரை முதலில் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்பது விதி. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் மாநில அரசுத் திட்டம் மாத்திரைகளையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வாசலில் கேட்கப்படுவதெல்லாம் வைத்தியரின் மேஜைக்கும் வந்து சேர்ந்து, அவர் எழுதும் சீட்டில் பலிதமாக வேண்டும் என்பதே இப்போது எஞ்சியிருக்கும் வேலை.

அதன் அவசியத்தை, தொற்றா நோய்களின் அபாயங்களை அளக்கத் தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு ஐயமற உணர்த்துகிறது. வயதுவந்தோரில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 17.6 சதவீதத்தினருக்கு நீரிழிவும் இருப்பதாகக் கண்ட அவ்வாய்வு, அழுத்தம் உள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கும் நீரிழிவு உள்ளோரில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே அது கட்டுப்பாட்டில் இருந்தது என்றும் கூறிற்று. மருத்துவமனைகளுக்குப் பேர்பெற்ற நம் மாநிலத்திற்கு இது பெருமை தரும் கணக்கன்று.

கேள்வி கேட்பதால் உயிர் பிழைக்குமா என்று ஆக்ஷேபிப்போர் உண்டு. அவர்கள் வாதம் புறக்கணிக்கத் தக்கதுமன்று. டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் புறநகர்களில் பல்லாயிரம் பேரைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து, 2014-இல் முடிவு வெளியிட்ட ‘இன்டர்99’ ஆய்வில், அபாயத்தைக் கணித்து ஆலோசனை வழங்கியதால் இருதய நோயும் மரணமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஏற்கெனவே ஒரு வைத்தியர் உண்டு. பரிசோதனைக்கு வெளியிலும் நோய் கண்டறியப்பட்டு, சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நோய் இருப்பதே அறியாதோர் மிகுந்த நம் நாட்டுக்கு அம்முடிவை அப்படியே பொருத்துவது நியாயமாகாது. எனினும், தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு இல்லாத கேள்வியால் பிரயோஜனமில்லை என்னும் பாடத்தை அதிலிருந்து நாம் தட்டாமல் ஏற்க வேண்டும்.

கேள்விகளும் நம் ஜனங்களின் வாழ்வை அறிந்தவையாய் இருத்தல் வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் மூதாட்டியிடம் ‘புகை பிடிப்பதுண்டா’ என்று மட்டும் கேட்டால், ‘இல்லை’ என்னும் விடை உண்மையாகவும் இருக்கும், பயனற்றதாகவும் இருக்கும். நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் பெண்ணிடம் உடற்பயிற்சியைப் பற்றி வினவினால், அவள் சிரித்துவிட்டு, ‘அதுக்கெல்லாம் ஏது நேரம்’ என்பாள். பெற்றோர்க்குச் சுகர் இருந்ததா என்றால், ‘இல்லை’ என்று பதில் வரும். பரிசோதித்துப் பார்த்ததே இல்லை என்பது அதன் மெய்ப்பொருளாக இருக்கக்கூடும். ஆகவே, ‘இல்லை’, ‘தெரியாது’ என்னும் இரண்டையும் படிவம் வேறுபடுத்திக் குறிக்க வேண்டும். கேட்பவரும் நம் பேச்சு வழக்கில் திருப்பிக் கேட்கத் தெரிந்த செவிலியராக இருக்க வேண்டும்.

குடிப்பழக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றிய வினாக்கள் இன்னும் நுட்பமானவை. கணவனும் மாமியாரும் அருகே நிற்க, வரிசையில் உள்ளோர் காதுகொடுத்துக் கேட்க, எந்தப் பெண்தான் தன் மனக்கலக்கத்தை வெளியிடுவாள்? மறைவான ஓர் அறை இல்லாத நிலையத்தில் அவ்வினாக்களைக் கேட்காமல் விடுவதே கௌரவம். அவ்வறையை உண்டாக்கித் தருவதோ சர்க்காரின் பொறுப்பு.

எனவே நாம் வேண்டுவன இவை. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் செவிலியர் படிவத்தை நிரப்ப வேண்டும். அப்பணிக்கென்றே ஆளை நியமிக்காமல், இருக்கும் செவிலியர் தலையிலேயே மற்றொரு பதிவேட்டைச் சுமத்தலாகாது. சீட்டு எழுதுமுன் வைத்தியர் அதனைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். அபாயம் உண்டு என்று தெரிந்தவருக்கு, அடுத்து எந்நாளில் எங்கே வரவேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். வராதவரை வீட்டிற்குச் சென்று அழைக்கும் பொறுப்பு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலருக்கு உரியதாக வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இத்தனை படிவங்கள் நிரம்பின என்னும் எண்ணிக்கையைக் கொண்டு எந்த நிலையத்தையும் பாராட்டாமல், கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ஓராண்டின் பின் அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன என்னும் ஒரே கணக்கை நிலையவாரியாக ஆண்டுதோறும் ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். மதுரை மாவட்டத்தில் இதனைத் தொடங்கத் தடையேதும் நமக்குத் தெரியவில்லை.