வெளிப்பூச்சு தானே?

கொஞ்சம் நீளமான பதிவு. கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டினர் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமானது. கன்னத்தில் லேசாக மங்கு. அவள் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. கல்யாண போட்டோவில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது பெரியவர்களாகிய நாங்கள்தான். மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டேன், ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு அவர்களும் கேட்கவில்லை, என்னிடமும் இல்லை. "இதனால ஒண்ணும் ஆகாதே பெரியப்பா?" என்று கேட்டாள். "வெளிப்பூச்சு தானேம்மா, என்ன பண்ணிடப் போகுது?" என்றேன். முப்பது வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபணுப் பாடம் நடத்தியவன் சொன்ன பதில் இது!

மூன்று வாரத்தில் முகம் பளபளத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் மாதம் வெயிலில் நின்றால் எரிய ஆரம்பித்தது. ஒரு நாள் பூசாமல் விட்டால் முகம் சிவந்து தடித்தது, பூசினால் அடங்கியது. அதனால் தொடர்ந்து பூசினாள். நலங்கு அன்று மஞ்சள் பூச வந்தவர்களைத் தடுத்து, இரண்டு கன்னத்தையும் கையால் மூடிக்கொண்டாள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தோல் டாக்டரிடம் போய்ச் சரியாவதற்கு எட்டு மாதம் ஆனது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த ட்யூபில் இருந்தவை மூன்று. ஹைட்ரோகுயினோன் நிறமி உண்டாவதைத் தடுக்கும். ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. இதில் முதலாவதை விடுங்கள். மற்ற இரண்டும் தோலின் மேலே படிந்து நிற்பவை அல்ல. செல்லுக்குள் நுழைந்து, தமக்கான ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு, உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவில் போய் வேலை செய்பவை. எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்று அங்கே உத்தரவு போடுகின்றன.

ஸ்டீராய்டு முதலில் அழற்சியை உண்டாக்கும் மரபணுக்களை அடக்குகிறது. அதனால்தான் சிவப்பும் அரிப்பும் சட்டென்று போகின்றன. ஆனால் அதே ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியையும், புதிய செல்கள் பிறப்பதையும், செல்களுக்கு நடுவே சாந்துபோல நிற்கும் கொழுப்பு உண்டாவதையும் குறைக்கிறது. முகத்தில் தோலின் வெளியடுக்கு ஒரு தாளைவிட மெல்லியது. வெளியே இருப்பது உள்ளே வராமலும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும் காப்பது அதுதான். மாதக்கணக்கில் பூசினால் அந்தச் சுவர் நைந்துபோகிறது. மருந்தை நிறுத்தியதும், அடக்கி வைத்திருந்த அழற்சி மொத்தமாகக் கிளம்பி வருகிறது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது இதுதான்.

உடனே "கெமிக்கல் எல்லாமே விஷம் சார்" என்று கமெண்ட் போட வராதீர்கள். அதுவும் தவறு. தோலைக் கட்டுவதற்கு ஃபிலாக்ரின் என்ற புரதம் முக்கியம். அது உடைந்து வரும் பொருட்கள்தான் தோலின் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. அந்த மரபணுவில் பழுது இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. நம் ஊர்க் கடைகளில் சொரியாசிஸுக்குத் தார் கலந்த களிம்பு கிடைக்கிறதல்லவா? நிலக்கரித் தாரும் புறஊதாக் கதிரும் சேர்த்து சிகிச்சை தருவதை கோக்கர்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1925லேயே எழுதினார். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2013இல்தான் நல்ல விளக்கம் கிடைத்தது. தார், தோல் செல்லில் இருக்கும் ஓர் ஏற்பியைத் தட்டி எழுப்பி, ஃபிலாக்ரின் மரபணுவை அதிகமாக வேலை செய்ய வைக்கிறது என்று நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஏற்பியைத் தூண்டும் டாபினரோஃப் என்ற க்ரீமுக்கு அமெரிக்கா 2022இல் சொரியாசிஸுக்கும் 2024இல் கரப்பானுக்கும் அனுமதி கொடுத்தது. உருளைப் புழுவுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிக்கும் பொருள் அது! விலங்கியல் மாணவர்களுக்கு இது பிடிக்கும்.

ஆக, பூசும் மருந்து சுவரைக் கட்டவும் செய்யும், இடிக்கவும் செய்யும். எந்த மருந்து, யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. ஸ்டீராய்டும் நல்ல மருந்துதான். கரப்பானில் துடிக்கும் குழந்தைக்கு டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் பூசத்தான் வேண்டும். பயந்து நிறுத்தாதீர்கள். என் கருத்து ஒன்றே ஒன்று: வேலை செய்கிற க்ரீம் எதுவும் வெறும் வெளிப்பூச்சு அல்ல. விழுங்கும் மாத்திரைக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுங்கள்.

2018இல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. படர்தாமரைக்கு ஒன்று, சிவப்பழகுக்கு ஒன்று என்று நாம் கேட்டு வாங்குவதும் நிற்கவில்லை, அவர்கள் எடுத்துக் கொடுப்பதும் நிற்கவில்லை. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களே, நீங்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை என்னைப் போல ஒரு பெரியவர் வந்து நின்றால், "சீட்டு எங்கே சார்?" என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, கேளுங்கள்.

மற்றவர்கள் இன்றைக்கே வீட்டில் இருக்கும் ட்யூப்களை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. யாராவது அதை மாதக்கணக்கில் முகத்தில் பூசிக்கொண்டிருந்தால், தானாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ட்யூபையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.

எங்கள் பெண் இப்போது நலம். அந்த மங்கு திரும்ப வந்துவிட்டது. "இருந்துட்டுப் போகட்டும் பெரியப்பா" என்கிறாள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்