ஏரிக்கரையில் கூடாரம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் புறப்படுவார்கள். உண்மையில் வீட்டை விட்டுப் போவதில்லை. அதைத் தூக்கிக்கொண்டே போவார்கள். காப்பி வடிகட்டி, ஊறுகாய் ஜாடி, தலையணை உறை, பாட்டுப் பெட்டி எல்லாம் முன்னதாகவே மூட்டையில் ஏறிவிடும். மலைமேல் போய்ச் சேர்ந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் பார்த்த அதே தொலைக்காட்சியை அங்கேயும் பார்த்துவிட்டு, நாலாம் நாள் இறங்கி வருவார்கள். "மலை எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால், "ஓட்டல் சாம்பார் சுமார்தான்" என்று பதில் கிடைக்கும்.

இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. வருஷம் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் நாலு நாள் படுத்துக் கிடப்பதற்கு யார் ஆட்சேபம் சொல்ல முடியும்? ஆனால் வேறொரு விதமான விடுமுறையும் உண்டு. முதுகில் சுமக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டுக்குள் நடந்து, நீர்க்கரையில் கூடாரம் அடித்து, ஓர் இரவைக் கழித்துவிட்டு வருவது. இது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக் கொடுத்த விளையாட்டு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கட்டுச்சோறும் கம்பளியுமாகக் கால்நடையாக யாத்திரை போன பாட்டன்மார் பரம்பரை நம்முடையது. இன்றைக்கும் இருமுடி தாங்கி எருமேலியிலிருந்து பெருவழியில் நடந்து, அழுதையும் கரிமலையும் கடந்து, வழியில் காட்டில் படுத்தெழுந்து சபரிமலை செல்லும் தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்தக் காடு பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலிருக்கலாம்.

அதே காப்பகத்தின் கிழக்கு வாசல்தான் தேக்கடி. மதுரையிலிருந்து தேனி, கம்பம், கூடலூர் வழியாக மலையேறினால் எல்லையில் குமுளி. அங்கிருந்து சில மைல் தூரத்திலேயே ஏரி. கேரள நாட்டில் இருக்கிறதென்றாலும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆகையால் இந்த வாரம் அந்த ஏரிக்கரையைப் பற்றியே பேசுவது என்று தீர்மானித்தோம்.

முதலில் ஏரியின் கதை. அது இயற்கையாக உண்டான ஏரி அல்ல. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, அதன் தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்புவதற்காக 1887-ல் வேலை தொடங்கினார்கள். பென்னிகுயிக் என்ற பொறியாளரின் தலைமையில் 1895-ல் அணை பூர்த்தியாயிற்று. வெள்ளத்துக்கும் மலைக்காய்ச்சலுக்கும் பலியான கூலியாட்கள் பலர். தேனியிலும் மதுரையிலும் விளைகிற நெல்லில் அவர்களுடைய உழைப்பும் சேர்ந்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக்கின் பெயரையே பிள்ளைகளுக்கு இட்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. அணையைப் பற்றிய வழக்கும் வாதமும் வேறு பக்கத்துக்குரியவை. அவற்றை இங்கே கிளறப் போவதில்லை.

தண்ணீர் தேங்கிய போது பள்ளத்தாக்கிலிருந்த மரங்கள் மூழ்கின. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவற்றின் பட்டுப்போன அடிமரங்கள் நீருக்கு மேலே கருப்பாக நின்றுகொண்டிருக்கின்றன. நீருக்குள்ளிருக்கும் மரத்துக்குக் காற்று படாததால் அது எளிதில் மட்குவதில்லை. அந்தக் கட்டைகளே இப்பொழுது பறவைகளின் பீடங்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மீனுக்காக முங்கி எழுந்து, அவற்றின்மேல் உட்கார்ந்து சிறகை விரித்து வெயிலில் காட்டும். அவற்றின் இறகு வாத்தின் இறகு போலத் தண்ணீரை உதறாது, நனைந்துவிடும். நனைவதனால்தான் அவை ஆழத்தில் சுலபமாக முங்க முடிகிறது. நம் வீட்டுக் கொடியில் வேஷ்டி உலர்த்துகிற காரியத்தை அவை சிறகினால் செய்கின்றன.

ஏரியைச் சுற்றியுள்ள காட்டை 1934-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் வேட்டை விலக்கிய சரணாலயமாக்கியது. 1978-ல் அது புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். ஆனால் புலியைப் பார்க்கலாம் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். புலி இருப்பது நிச்சயம்; அது நம் முன் வந்து நிற்பது சந்தேகம். யானை, காட்டுமாடு, மிளா, காட்டுப்பன்றி, கூட்டமாக மீன் பிடிக்கும் நீர்நாய், மரத்துக்கு மரம் தாவும் மலையணில், கருங்குரங்கு, சிறகடித்தால் காற்று இரையும் இருவாட்சி இவைகளைக் காண அதிர்ஷ்டம் அவ்வளவு தேவையில்லை, பொறுமை போதும். மாசி, பங்குனி, சித்திரையில் உட்காட்டுச் சுனைகள் வற்றிவிடுவதால் மிருகங்கள் ஏரிக்கரைக்கு இறங்கி வரும். ஆனி முதல் ஆவணி வரையில் மழை. அந்த நாட்களில் காட்டில் ராஜ்யம் செய்வது அட்டைதான்.

இந்தக் காட்டைப் பார்க்கச் செல்லுகிறவர்களில் பெரும்பாலோர் விசைப் படகில் ஏறி ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அதுவும் நல்லதுதான், வயோதிகர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே பொருத்தம். ஆனால் படகில் உட்கார வேண்டிய முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியாது. 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை, இந்த ஏரியில் இரண்டு தட்டுப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். படகின் அமைப்பில் குறை, ஏற்றிய ஆட்கள் அதிகம், மிருகத்தைக் காணும் ஆவலில் எல்லோரும் ஒரு பக்கமாகத் திரண்டது என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. படகின் குறையைப் பிரயாணி கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மேல்தட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றாலே படகின் பாரம் உயரத்துக்குப் போகிறது. ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பாரமே படகைப் புரட்டிவிடும். இது குழந்தைக்கும் விளங்கக்கூடிய விஷயம். மிதவைச் சட்டையை முறையாகக் கட்டிக்கொள்ளுங்கள். கரையில் யானையே வந்து நின்றாலும் இருந்த இடத்தில் இருந்தபடியே பாருங்கள். யானை நாளைக்கும் வரும்.

காட்டை உண்மையாகவே அறிய விரும்புகிறவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வழிகாட்டிகளுடன் காலையில் புறப்பட்டு, கொஞ்சம் நடந்து, கொஞ்சம் மூங்கில் தெப்பத்தில் துழாவிச் சென்று, அந்தியில் திரும்புவது ஒன்று. சின்னஞ்சிறு கூட்டமாக உள்ளே நடந்து, ஓரிரண்டு இரவு கூடாரத்தில் தங்குவது மற்றொன்று. நிகழ்ச்சிகளும் கட்டணமும் காலத்துக்குக் காலம் மாறுமாதலால், புறப்படு முன் வனத்துறையினரிடம் விசாரித்து இடம் பதிவு செய்துகொள்வதே உசிதம். இஷ்டம்போல் கூடாரத்தை எடுத்துக்கொண்டு போய் இஷ்டமான இடத்தில் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. நாம் மேடு என்று நினைக்கும் இடம் யானையின் ராஜபாட்டையாக இருக்கும்.

வழிகாட்டிகளாக வருகிறவர்கள் யார் தெரியுமா? இங்கேதான் இந்த ஏரிக்கரையின் மிகச் சிறந்த கதை இருக்கிறது. மன்னான், பளியர் என்ற பழங்குடியினர் சிலர். மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். ஏரியில் வலை வீசிப் பிழைக்கும் அவர்களுக்கு மூங்கில் தெப்பம் கைவந்த பொருள்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் இந்தக் காட்டைச் சூறையாடியவர்கள். லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த வயணை மரங்களின் பட்டையை இரவோடிரவாக உரித்து, மூட்டையாகக் கட்டி எல்லை தாண்டி விற்றார்கள், மிருகங்களையும் வேட்டையாடினார்கள். காட்டுக் காவலர்களுக்கும் அவர்களுக்கும் ஓயாத ஒளிந்து விளையாட்டு. அவர்கள் பேரில் வழக்குகள் குவிந்தன. 1996-ல் காட்டைச் சுற்றியுள்ள மக்களின் பிழைப்புக்கு வழி செய்து அதன் மூலமாகவே காட்டைக் காப்பது என்ற திட்டம் இங்கே தொடங்கியது. அதன் பயனாக 20-க்கு மேற்பட்டவர்கள் பழைய தொழிலை விட்டுச் சரணடைந்தார்கள். அவர்களைச் சிறையில் அடைப்பதைக் காட்டிலும், அவர்களுடைய அறிவைக் காட்டுக்கே பயன்படுத்துவது நல்லது என்று அதிகாரிகள் கண்டார்கள். யானை எந்தத் துறையில் நீர் அருந்தும், திருடன் எந்த வழியாக வருவான் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். பகலில் பிரயாணிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். அந்த வருமானத்தில் குடும்பம் நடக்கிறது. கூடவே காட்டுக்கும் காவல் நடக்கிறது.

பெண்மணிகளும் பின்வாங்கிவிடவில்லை. 2002 முதல் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் வசந்த சேனை என்ற பெயரில் கூட்டம் சேர்த்து, சம்பளம் வாங்காமல், முறை வைத்துக்கொண்டு காட்டில் ரோந்து சுற்றி வருகிறார்கள். அடுப்பங்கரை வேலையை முடித்துவிட்டுச் சந்தன மரத்துக்குக் காவல் போகும் இவர்களைப் பற்றி நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

இனி, கூடாரத்தில் தங்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். சலவை வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் வேண்டாம். இலைக்கும் மண்ணுக்கும் ஒத்த மங்கிய நிறம் நல்லது. மல்லிகைப் பூவும் அத்தரும் கல்யாண வீட்டில் அழகு; காட்டில் அவை நம் வரவைக் காற்று வழியாக முன்கூட்டியே அறிவித்துவிடும். யானையின் மோப்பம் வெகு கூர்மையானது. முழங்கால் வரையில் கட்டும் அட்டைக் காலுறை கொடுப்பார்கள். கௌரவம் பார்க்காமல் கட்டிக்கொள்ளுங்கள். அதையும் மீறி அட்டை கடித்துவிட்டால் அலற வேண்டாம். கொஞ்சம் உப்பு வைத்தால் உதிர்ந்துவிடும். இரத்தம் உறையாதிருக்க அது ஒரு ரசத்தைச் செலுத்துவதனால் சிறிது நேரம் கசியும். கழுவித் துடைத்துவிட்டால் தீர்ந்தது. புளியோதரையும் தயிர் சாதமும் இலையில் கட்டி எடுத்துச் செல்லலாம். பிளாஸ்டிக் பையில் வேண்டாம். குரங்குக்கு ஒரு கவளமும் போடக் கூடாது. இன்று நாம் இரக்கத்தினால் போடுவதை நாளைக்கு வருகிறவரின் கையிலிருந்து அது பிடுங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது மௌனம். இதுதான் நம்மவர்களுக்கு மிகவும் கஷ்டமான விரதம். மான் தெரிந்தவுடன் "அதோ! அதோ!" என்று பத்துப் பேர் கூவினால், பதினோராவது ஆள் மானைப் பார்ப்பதில்லை. கைபேசியில் பாட்டு வைக்கிற வாலிபர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் காடு பேசத் தொடங்கும். இருட்டிய பிறகு ஏரிக்கரையில் உட்கார்ந்து கேளுங்கள். தவளைகளின் கச்சேரி, பக்கிக் குருவியின் ஒரே மாதிரியான தட்டல், தூரத்தில் மூங்கில் முறிகிற சத்தம். திடீரென்று மிளா ஒன்று கணீரென்று கத்தும். உடனே மற்றச் சத்தங்கள் அடங்கும். வழிகாட்டி தலையை நிமிர்த்திக் காது கொடுப்பார். புலியோ சிறுத்தையோ செந்நாயோ எங்கேயோ நகருகிறது என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு நிமிஷத்தில் மனிதன் இந்த உலகத்தில் தனியாக இல்லை என்பது புத்தகம் இல்லாமலே விளங்கும்.

இதற்கெல்லாம் சிரமம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். கால் வலிக்கும், படுக்கை உறுத்தும், காலைக் காப்பி நேரத்துக்கு வராது. சிறு குழந்தைகளையும் நெஞ்சு பலவீனமுள்ளவர்களையும் இரவுத் தங்கலுக்கு அழைத்துச் செல்வது உசிதமல்ல. ஆனால் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனையும் பெண்ணையும் ஒரு தடவையாவது அழைத்துச் செல்லுங்கள். வைகைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பரீட்சைக்காகப் படிப்பது வேறு; அந்தக் காட்டின் ஈரத்தில் ஓர் இரவு படுத்து அறிவது வேறு.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. நடக்கும்போது வழிகாட்டி எங்காவது நின்று, பட்டை உரிக்கப்பட்ட பழைய வடு ஆறியிருக்கும் வயணை மரம் ஒன்றைக் காட்டக்கூடும். யார் உரித்தது என்று அவரிடம் கேட்க வேண்டாம். அந்த மரத்தடியில் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அவர் பின்னாலேயே நடந்து போங்கள்.