பெட்டி தூக்குகிறவரும் பேரம் பேசுகிறவரும்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியை எல்லோருக்கும் தெரியும். தோல் பையும் கழுத்துப் பட்டையுமாக டாக்டர் அறை வாசலில் நிற்பார். செயற்கை முழங்கால் மூட்டு, இருதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் முதலிய சாதனங்களை விற்கிறவர்கள் வேறு. அவர்களைப் பொதுஜனங்கள் பார்ப்பதே இல்லை. அவர்களிலும் இளையவர் வேலை ஒன்று, மூத்தவர் வேலை மற்றொன்று.

இளையவருக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் ஆபீஸ். காலையில் மூட்டு ஆபரேஷன் என்றால், முதல் நாளே கருவிப் பெட்டிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். அவை நீராவியில் சுத்தமாக வேண்டும் அல்லவா? மூட்டு ஒரே அளவில் வருவதில்லை. இடது, வலது, சிறிது, பெரிது எல்லாம் கொண்டு போக வேண்டும். டாக்டர் எலும்பை அளந்து சொன்ன பிறகுதான் எது தேவை என்பது நிச்சயமாகும். அந்த அளவு பெட்டியில் இல்லாவிட்டால்? நோயாளி மேஜை மேல் கிடக்கிறார்! நோயாளியை இவர் தொடக் கூடாது. ஆனால் எந்தக் கருவிக்குப் பின் எந்தக் கருவி என்பது இவருக்கு மனப்பாடம்.

மூத்தவர் ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு விலை பேசுகிறார். 1994-ம் ஆண்டில் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அரசு நிறுவனங்களின் டெண்டர்களைப் படிக்கிறார். பொறுப்பான வேலைதான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்ச விலை விதித்தது. லட்ச ரூபாய்க்கு மேலும் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட், வரி நீங்கலாக 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அந்தச் சமயத்தில் கணக்கை மாற்றி எழுதும் வேலை மூத்தவர்கள் தலையில்தான் விழுந்தது.

ஆனால் விற்பனை இலக்கு? விலையைக் குறைக்க இளையவருக்கு அதிகாரமில்லை. கடன் கொடுக்கவும் அதிகாரமில்லை. மாதக் கடைசியில் "எத்தனை மூட்டு?" என்ற கேள்வி மட்டும் அவருக்கும் உண்டு! அந்த அவசரத்தில், 24 வயது வாலிபர் விலை உயர்ந்த ரகத்தை டாக்டர் காதில் ஓதத் துணிந்தால் நஷ்டம் யாருக்கு? டாக்டர்களுக்குப் பரிசு கொடுப்பதை 2024-ல் வந்த நடத்தை விதிகள் தடுக்கின்றன. மாதக் கடைசி அவசரத்தை எந்த விதி தடுக்கும்?

முதல் இரண்டு ஆண்டுகள் இளையவருக்கு இலக்கே வேண்டாம் என்பது நம் கட்சி. பெட்டி நேரத்துக்கு வந்ததா, எல்லா அளவும் இருந்ததா என்று பார்த்து அவரை எடை போடட்டும். இலக்கை மூத்தவர் சுமக்கட்டும்; பெரிய சம்பளம் அதற்குத்தானே! விற்பனை படுத்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடும். சரியான அளவு இல்லாமல் ஓர் ஆபரேஷன் தள்ளிப்போனால், அந்த டாக்டர் மறுமுறை வேறு கம்பெனியை அல்லவா கூப்பிடுவார்?