வாய் தளர்ந்த தோட்டா

சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போயிருந்தேன். வாசலில் இருக்கும் பீரங்கியைத் தடவிக்கொண்டே அவர் பேச்சை எம்.ஜி.ஆர். சுடப்பட்ட கதைக்குக் கொண்டுவந்துவிட்டார். "ஆயுசு கெட்டி ஐயா. இல்லாவிட்டால் கழுத்தில் குண்டு பாய்ந்தவர் பிழைப்பாரா?" என்றார். நம்மில் பெரும்பாலோர் அந்நிகழ்ச்சியை இப்படித்தான் சொல்லி முடிக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. விதி என்று சொன்ன மாத்திரத்தில் விசாரணை நின்றுவிடுகிறது.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். வழக்கு நம் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில்தான் நடந்தது. இரண்டு மனிதர்கள், கைக்கெட்டும் தூரத்திலிருந்து பாய்ந்த குண்டுகள், ஒரு சாவுகூட இல்லை. தடயவியல் அறிஞர் பி. சந்திரசேகரன் இதற்குச் சொன்ன விளக்கம் எந்தப் புராணத்தையும்விடச் சுவையானது. பல்லாண்டுகளுக்கு முன் வாங்கிய தோட்டாக்கள் இழுப்பறையில் கிடந்தன. திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு மோதி, குண்டின்மீது கூட்டுக்கு இருந்த பிடி தளர்ந்துபோனது என்பதே அது.

தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அடியில் பொறி தரும் கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. குண்டைச் செருகியபின் கூட்டின் விளிம்பை அதன்மேல் இறுக்குவதைத்தான் கிரிம்ப் என்கிறார்கள். புகையில்லா மருந்து எரியும் பொருள்; அழுத்தம் ஏற ஏறத்தான் அது எரியும் வேகமும் ஏறும். குண்டு ஒரு கணம் அடம்பிடித்து நின்றால்தான் அழுத்தம் திரளும். பிடி தளர்ந்த குண்டோ முதல் உந்தலிலேயே கிளம்பிவிடும். மருந்து அரைகுறையாக எரிய, வேகம் சரிந்துவிடும்.

ரிவால்வரில் வேறொரு தொல்லையும் உண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். அறைகளில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடுகள் உடன் பின்னே போக, குண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பிடி தளர்ந்திருந்தால் குண்டு சிறிது சிறிதாக முன்னே ஊர்ந்து உருளையின் முகப்பைத் தாண்டி நீட்டும். உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. குழலுக்குள் ஏறும்போது மோதிக் குண்டு கூட்டுக்குள் அமிழ்ந்தால், இடம் குறுகி அழுத்தம் எகிறும். அங்கே தோட்டா பெரும்பாலும் கூட்டின் விளிம்பை ஊன்றியே நிற்பதால் விளிம்பை உள்ளே மடிக்கவும் வழியில்லை, இலேசாகச் சரித்து இறுக்குவதோடு சரி. அளவுக்கு மீறி இறுக்கினால் கூடு பிதுங்கி, இருந்த பிடியும் போகும்.

கிரிம்ப் ஒன்றே எம்.ஜி.ஆரைக் காப்பாற்றியது என்று சாதிக்க நான் வரவில்லை. மருந்தின் வயது, குண்டு புகுந்த கோணம், மருத்துவர்களின் கை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனாலும் கொல்ல வலுவில்லாத அந்தக் குண்டுக்கு அவருடைய குரலைக் குலைக்கும் வலு இருந்தது. கழுத்துக் கட்டோடு மருத்துவமனையில் கிடந்த படமே சுவரொட்டியாகி, அந்த ஆண்டுத் தேர்தலில் பரங்கிமலையில் அவரை வெல்லவைத்தது. இவ்வளவு பெரிய கதையில் ஓர் இழுப்பறைக்கும் ஒரு பித்தளை விளிம்புக்கும் இடமில்லை என்றால், நாம் எழுதுவது சரித்திரமா, திரைக்கதையா? நம் துப்பறியும் நாவல்களின் கதையும் இதுதான். 'டுமீல்' என்றால் ஆள் விழ வேண்டும். தோட்டா எந்த அலமாரியில் எத்தனை வருடம் கிடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் பீரங்கியின் வாயைக் காட்டி, "இதற்கு என்ன கிரிம்ப்?" என்றார். 1782 பிப்ரவரியில் இந்தக் கடலில்தான் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதிக்கொண்டன. அலையில் கப்பல் சாயும்போது குண்டு உருண்டு வெளியே விழாமலிருக்க, அதன்மேல் பழங்கயிற்றுத் திரணையை வைத்துக் கோலால் இடித்து இறுக்குவார்கள் என்றேன். அவர் குனிந்து குழலுக்குள் எட்டிப் பார்த்தார்.