தராசுக்கு முத்திரை உண்டு, மெயின் போர்டுக்கு?



நம் கடையின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெறுகிறோம். தவறினால் அபராதம் என்ற அச்சம் ஒரு பக்கம். எடை குறைந்தால் நாணயம் போய்விடுமே என்ற மானம் மறுபக்கம். நல்லதுதான். ஆனால் அதே கடையின் மூலையில், பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் மெயின் போர்டை நாம் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? கடை திறப்பு விழாவன்று என்றுதான் நம்மில் பலர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மதுரைக்காரர்களுக்குத் தீயைப் பற்றி வெளியூர்க்காரர் யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. சரக்கு போனதோடு முடியவில்லை. அதன் பிறகு, தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குள் கடை நடத்தியவர்கள் அந்த இடத்தையே காலி செய்ய வேண்டியதாயிற்று. 2020 நவம்பரில், தீபாவளி சமயத்தில், விளக்குத்தூண் பகுதியில் பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடை ஒன்று எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து விழுந்து உயிரிழந்தனர். மின்கசிவாக இருக்கலாம் என்று அன்று ஊரெல்லாம் பேச்சு. எந்தத் தீக்கு எது காரணம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய மாசி வீதிகளில் ஒருவர் கடைத் தீ ஒருவரோடு நிற்காது என்பதை மட்டும் மறக்க முடியாது.

இங்கே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று. எம்.சி.பி. விழுந்தால் அது தொல்லை அல்ல, தகவல்! அந்தத் தகவலைக் கேட்காமல், "16 ஆம்பியர் தாங்கவில்லையா, 32 போடப்பா" என்று வயர்மேனிடம் சொல்கிறோமே, அதுதான் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் கொள்ளி.

எம்.சி.பி. காப்பது பிரிட்ஜையோ ஏ.சி.யையோ அல்ல, சுவருக்குள் ஓடும் வயரைத்தான். 1924இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஸ்டாட்ஸ் என்பவரின் நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து இன்றுவரை அதன் வேலை மாறவில்லை. உள்ளே இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று, இரு உலோகம் சேர்த்த பட்டை. பளு கூடினால் சூடேறி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். இது நிதானக்காரன். 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமலிருக்கலாம். 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். மற்றொன்று காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

பிளக் பாயிண்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 16 அல்லது 20 ஆம்பியர், விளக்குக்கும் பேனுக்கும் இழுக்கும் 1.5 சதுர மி.மீ. வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. என்பது பொதுவான வழக்கம். அந்த 2.5 வயரின் தலையில் 32ஐ மாட்டினால் என்ன ஆகும்? 30 ஆம்பியர் ஓடும், எம்.சி.பி. அசையாது. வயரின் மேலுறை மெல்ல மெல்ல வெந்து இளகும். கடை நன்றாக ஓடுவதுபோல் தோன்றும், ஒருநாள் வரை! பழைய பீஸ் கட்டையில் கனத்த செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பதும் இதே கதைதான்.

"சித்திரை வெயிலில் விழுகிறது, மார்கழியில் விழுவதில்லை, ஆக எம்.சி.பி.தான் கோளாறு" என்று சிலர் வாதிடுவார்கள். இதில் பாதி உண்மை உண்டு. எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. தகரப் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் சற்று முன்னதாகவே விழும். ஆனால் வெயில் காலத்தில்தானே ஏ.சி.யும் பிரீசரும் சேர்ந்து ஓடுகின்றன? இதற்குப் பரிகாரம் பெட்டிக்குக் காற்றோட்டமும் பளுவைப் பிரித்துத் தனி லைன் இழுப்பதும்தான், பெரிய எம்.சி.பி. அல்ல. 16 ஆம்பியர் லைன் என்றால் 230 வோல்ட்டில் 3,680 வாட். அதற்குள் அடங்குகிறதா என்று கூட்டிப் பார்க்கக் கடைக்காரருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

நாமே செய்யக்கூடியவை சில. எம்.சி.பி. விழுந்தால் அந்த லைனில் உள்ள எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். உடனே விழுந்தால் விட்டுவிடுங்கள். அது வயர்மேன் வேலை. நின்றால் ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அங்கே கோளாறு. விழுவதைக் கயிறு கட்டியோ டேப் ஒட்டியோ நிறுத்த நினைக்காதீர்கள். வாரம் ஒருமுறை போர்டு மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு, கருகல் வாடை, "உய்ங்" என்ற சத்தம், பிளாஸ்டிக் நிறம் மாறியிருத்தல், இவற்றில் எது தென்பட்டாலும் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த திருகில்தான் சூடு பிறக்கிறது. மூடியைக் கழற்றித் திருகை முடுக்கும் வேலையை நாம் தொடவே கூடாது.

உயிரைக் காப்பது எம்.சி.பி. அல்ல என்பதையும் நம் கடைப் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள். ஆளைக் கொல்லும் மின்சாரம் எம்.சி.பி.யின் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதற்கு ஆர்.சி.சி.பி. வேண்டும். அது நம் கல்லாக் கணக்குப்போல: போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் ஈடாகிறதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கில் உதைத்தாலே துண்டித்துவிடும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது, விழாவிட்டால் மாற்றியாக வேண்டும். இரவில் விழுந்தால் பிரீசரில் உள்ள பாலும் ஐஸ்கிரீமும் கெடுமே என்பவர்கள், பிரீசருக்குத் தனி ஆர்.சி.சி.பி. வைத்துக்கொள்ளலாம். அதைக் கழற்றி எறிவது தீர்வாகாது. மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளும் இத்தகைய கசிவுத் தடுப்புக் கருவியை வலியுறுத்துகின்றன.

மளிகைக் கடைக்கென்றே சில கேடுகள் உண்டு. எலி வயரைக் கடிக்கும். மாவுத் தூசி போர்டுக்குள் படியும். சாக்கும் சூடமும் தீப்பெட்டிப் பண்டலும் போர்டுக்கு அடியிலேயே அடுக்கப்படும். மூட்டை போட இடமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் போர்டுக்கு முன் மூன்றடி இடம் விடாவிட்டால், ஆபத்து வரும்போது மெயினை அணைக்கக் கை எட்டாது.

இனி நாம் பேசத் தயங்கும் சங்கதிக்கு வருவோம். "வாடகைக் கடைக்கு நான் எதற்கு வயரிங் செய்ய வேண்டும்?" என்கிறார் கடைக்காரர். "பளுவை ஏற்றியது நீர்தானே?" என்கிறார் கட்டட உரிமையாளர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நியாயம் பேசிக்கொண்டிருக்கும்போது வயர் காத்திருக்காது. சுவருக்குள் உள்ள பழைய வயரிங்கும் எர்த்தும் உரிமையாளர் பொறுப்பு, புதிதாக வைக்கும் சாதனத்துக்கான லைனும் கூடுதல் மின்பளு அனுமதியும் கடைக்காரர் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் முறை என்பது என் கருத்து. ஏற்கெனவே பழைய ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்காகச் சங்கமே இடையில் நின்று பேச வேண்டும்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். தராசு முத்திரைக்கு முகாம் நடத்துவதைப்போல, ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிச் சரக்கு இறங்கும் முன், உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்களை அழைத்துத் தெருவாரியாக மெயின் போர்டுகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாமே! கீழமாசி வீதியில் தொடங்கினால், மேலூரும் திருமங்கலமும் உசிலம்பட்டியும் தாமே பின்தொடரும். செலவைக் கடைக்குக் கடை பகிர்ந்தால் பெரிய பாரமாக இருக்காது.

எடையில் ஐந்து கிராம் குறையக் கூடாது என்று முத்திரை வாங்குகிறோம். கடையே குறைந்துவிடக் கூடாது என்பதற்கும் ஒரு முத்திரை வேண்டாமா? அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.